எலி பிடித்த பூனைக்கு வயதாகிவிட்டதா? தீனியை மாற்றுங்கள்!

வாந்தி, கழிச்சல், மலச்சிக்கல்... வயதான பூனைகளுக்கான உணவும் கவனிப்பும்

ஆடு, மாடு, கோழி பற்றித்தான் நமக்குக் கேள்விகள் அதிகம் வரும். கொஞ்ச காலமாகப் பூனைகளைப் பற்றியும் வாசகர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ‘பால்சோறு வைத்தால் கழிகிறது’, ‘சாப்பிட்டதும் கக்கிவிடுகிறது’, ‘நன்றாகத் தின்கிறது, ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கிறது’ என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் 10 வயதைத் தாண்டிய பூனைகளைப் பற்றி. நெல் மூட்டைக்கும் கடலைக் குவியலுக்கும் பல வருடம் காவல் இருந்த பூனை அது. வயதான காலத்தில் வயிறு கெட்டுப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பார்ப்போம்.

பூனையின் வயதை நம் வயதோடு ஒப்பிட்டுச் சொல்ல ஒரு கணக்கு உண்டு. 10 வயதுப் பூனை, ஏறத்தாழ 56 வயது மனிதருக்குச் சமம். 15 வயதுப் பூனை, 76 வயது மனிதருக்குச் சமம். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு எப்படிப் பல், மூட்டு, சிறுநீரகம், செரிமானம் எல்லாவற்றிலும் கவனம் தேவையோ, அதேதான் இதற்கும்.

எலிதான் அதன் உண்மையான தீனி

‘இத்தனை வருடமாகப் பால்சோறுதானே வைத்தோம், இப்போது மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?’ என்பதுதான் பலர் கேட்கும் கேள்வி. பதில், நாம் பார்க்காத இடத்தில் இருக்கிறது. நாம் தட்டில் வைத்தது பால்சோறு. ஆனால், பூனை உயிர் வாழ்ந்தது இரவில் பிடித்துத் தின்ற எலி, ஓணான், பல்லி, வெட்டுக்கிளியை வைத்து. ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி சக்தி இருக்கிறது. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி தேவை. அதாவது ஏழெட்டு சுண்டெலி. வயல் எலி என்றால் ஒன்றிரண்டே போதும். எலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம், கொஞ்சம் கொழுப்பு. மாவுச்சத்து மிகமிகக் குறைவு. பூனையின் குடல் இதற்காகவே அமைந்தது.

வயது ஏறியதும் மூட்டுத் தேய்ந்து, பாய முடியாமல் போகிறது. 12 வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்-ரே எடுத்தால் பெரும்பாலானவற்றில் மூட்டுத் தேய்மானம் தெரியும். பல்லும் விழுந்துவிடும். வேட்டை நின்றுபோன பிறகு, ஒப்புக்கு வைத்த பால்சோறே முழு உணவாகிவிடுகிறது. பூனைக்கு முடியாமல் போவதற்கு இந்த மாற்றமும் ஒரு முக்கியக் காரணம். நாம் தீனியை மாற்றவில்லை. ஆனால், அதன் தீனி மாறிவிட்டது.

இன்னொரு ஆபத்தும் இங்கே இருக்கிறது. பூனை எலி பிடிப்பதை நிறுத்தியதும் நாம் எலி மருந்து வைக்கிறோம். ஓடும் எலியைப் பிடிக்க முடியாத கிழட்டுப் பூனைக்கு, மருந்து தின்று தள்ளாடும் எலி சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. சிங்க் பாஸ்பைடு தின்ற எலியைத் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் மூச்சுத்திணறலும் வரலாம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. புரோமாடியோலோன் வகைக் கட்டிகள் என்றால் உடனே தெரியாது. இரண்டு முதல் ஐந்து நாள் கழித்து ஈறிலும் மலத்திலும் ரத்தம் வரும், பூனை சோர்ந்து படுக்கும். இதற்கு வைட்டமின் கே மருந்து உண்டு. சீக்கிரம் கொண்டுபோனால் பிழைக்க வைக்கலாம். வீட்டிலோ பக்கத்து வயலிலோ எலி மருந்து வைத்திருந்தால், அந்த அட்டையையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். வயதான பூனை இருக்கும் வீட்டில் மருந்துக்குப் பதில் எலிப்பொறி, கிட்டி பயன்படுத்துவதே நல்லது.

பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்கும் நொதி குட்டிப் பூனையிடம் நிறைய இருக்கும். பால்குடி மறந்த பிறகு குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் போய்ப் புளித்து, வாயுவையும் நீர்த்த கழிச்சலையும் உண்டாக்கும். சில பூனைகள் கடைசிவரை கொஞ்சம் பாலைத் தாங்கும். பல பூனைகள் தாங்காது. சோதித்துப் பார்ப்பது சுலபம். பத்து நாள் பாலை முழுவதும் நிறுத்துங்கள். கழிச்சல் நின்றால் குற்றவாளி பால்தான். தயிரில் லாக்டோஸ் குறைவு. புளிக்காத தயிர் ஒரு ஸ்பூன் கொடுப்பதால் பெரும்பாலும் கெடுதல் வராது. ஆனால், அதை உணவு என்று எண்ணிவிடக் கூடாது.

வாந்தி, கழிச்சல், சிக்கல்: எது எதைக் காட்டுகிறது?

வாந்தி: உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது விழுங்கிய முடி, உருண்டையாக எப்போதாவது வெளியே வருவது சகஜம். வாரா வாரம் வாந்தி எடுப்பது சகஜமல்ல. ‘பூனைன்னா கக்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிடுவதால்தான் பல நோய்கள் முற்றிப்போகின்றன. தின்ற உடனே அப்படியே முழுசாக வெளியே வந்தால், அவசரமாக விழுங்கியது காரணமாக இருக்கலாம். அகலமான தட்டில் பரப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் சரியாகும். வெறும் மஞ்சள் நீர் வருவது, ரத்தம் கலந்து வருவது, நூல், மீன் முள் போன்றவை சிக்கியதாகச் சந்தேகம் வருவது எல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே குடலை அறுத்துவிடும்.

கழிச்சல்: திடீரென்று மாற்றிய தீனி, பால், கெட்டுப்போன மீன், குடற்புழு ஆகியவை பொதுவான காரணங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் குடல் அழற்சி, குடல் புற்று போன்றவையும் இருக்கலாம். எனவே, சோதனை தேவை. கழிச்சல் கண்ட நாய்க்குச் சிலர் ஒரு நாள் பட்டினி போடுவார்கள். வயதான பூனைக்கு அது கூடாது. எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியைச் சிறிது சிறிதாக நான்கைந்து வேளை கொடுக்க வேண்டும்.

மலச்சிக்கல்: வயதான பூனைகளுக்கு இது மிகவும் சாதாரணம். உடம்பில் நீர் குறைவது, மூட்டு வலியால் உட்கார முடியாதது, எலும்பு தின்றது, எப்போதோ வண்டியில் அடிபட்டு இடுப்பெலும்பு கோணலாகச் சேர்ந்தது எல்லாம் காரணமாகலாம். நன்றாக வேகவைத்து மசித்த பரங்கிக்காய், உப்பு இல்லாமல் ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன், கறியோடு கலந்து கொடுத்தால் லேசான சிக்கல் சரியாகும். இரண்டு நாளைக்கு மேல் மலம் போகவில்லை, வாந்தியும் சேர்ந்துகொண்டது என்றால் கைவைத்தியம் வேண்டாம். விளக்கெண்ணெயையோ வேறு எண்ணெயையோ வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மனிதர்களுக்கான எனிமாவில் பாஸ்பேட் இருக்கும். அது பூனையைக் கொன்றுவிடும்.

வயிற்றுக் கோளாறு போலத் தெரியும் வேறு நோய்கள்

வயதான பூனைக்கு வாந்தி, கழிச்சல் என்றால் வயிறுதான் கெட்டது என்று முடிவு கட்ட முடியாது. நான்கு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத் தேய்வு: நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் போகும், எடை குறையும், வாய் நாறும், அடிக்கடி வாந்தி வரும். ரத்தப் பரிசோதனையிலும் சிறுநீர்ப் பரிசோதனையிலும் தெரிந்துவிடும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பது: பூனைகளுக்கு இந்த நோய் இருப்பது 1979-ல்தான் முதன்முதலில் பதிவானது. பெரும்பாலும் 10 வயதுக்கு மேல் வரும். பசி அதிகமாகும். ஆனால், உடம்பு இளைக்கும். ஓரிடத்தில் உட்காராது, இரவில் கத்தும், வாந்தியோ கழிச்சலோ இருக்கும். மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

சர்க்கரை நோய்: இதிலும் தண்ணீர், சிறுநீர், பசி மூன்றும் கூடும், எடை குறையும்.

பல், ஈறு நோய்: பசியோடு தட்டுக்கு வரும், வாயில் எடுத்துக் கீழே போடும், ஒரு பக்கமாக மெல்லும். இதைப் ‘பசி இல்லை’ என்று தவறாகப் புரிந்துகொள்கிறோம். வாயில் எச்சில் வடிந்தால் வெறுங்கையை வாய்க்குள் விடாதீர்கள். வெறிநோயிலும் எச்சில் வடியும். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் அறிகுறி எடை குறைவதுதான். முடி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் காய்கறி எடை போடும் தொங்கு தராசு இருக்கும். பூனையை ஒரு கூடையில் வைத்து மாதம் ஒருமுறை எடை போட்டு, காலண்டரில் எழுதி வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் குறைந்தால், 60 கிலோ மனிதர் 6 கிலோ குறைந்ததற்குச் சமம். நான்கு மாத எடைக் குறிப்போடு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

தீனியை மாற்றும் முறை

‘வயதாகிவிட்டது, கறி செரிக்காது, கஞ்சி கொடுப்போம்’ என்று நினைப்பது பூனைக்குப் பொருந்தாது. வயதாக ஆகத் தசை கரைவதால் புரதம் கூடுதலாகத்தான் தேவை. சிறுநீரக நோய் உறுதியானால் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவுக்குத் தீனியை மாற்ற வேண்டும்.

எந்தத் தீனியையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. மாட்டுக்குப் புதுத் தீவனத்தைப் பழக்குவது போலத்தான்.

முதல் 3 நாள்: பழைய தீனி 3 பங்கு, புதியது 1 பங்கு.
4 முதல் 6-ம் நாள்: பாதிக்குப் பாதி.
7 முதல் 9-ம் நாள்: பழையது 1 பங்கு, புதியது 3 பங்கு.
10-ம் நாள் முதல்: முழுவதும் புதியது.

இடையில் கழிச்சல் வந்தால் முந்தைய படிக்குத் திரும்பி, இரண்டு நாள் கூடுதலாக அங்கேயே நிறுத்துங்கள். ஒரே ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. புதுத் தீனியைத் தொடவில்லை என்றால், ‘பசித்தால் தின்னும்’ என்று பட்டினி போடாதீர்கள். பூனை, அதிலும் குண்டான பூனை, இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து மஞ்சள் காமாலையில் விடும்.

எவ்வளவு கொடுப்பது? 4 கிலோ பூனைக்கு வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறி ஒரு நாளைக்கு 120 முதல் 150 கிராம். இதை நான்கு வேளையாகப் பிரித்து, மசித்து, வெதுவெதுப்பாகக் கொடுக்க வேண்டும். சூடு இருந்தால்தான் வாசனை வரும். வயதான பூனைக்கு மோப்பம் குறைந்திருக்கும். ஒன்றிரண்டு ஸ்பூன் குழைந்த சோறு சேர்க்கலாம். கறி வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். டாரின் என்ற சத்து அதில்தான் இறங்கியிருக்கும். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இது கட்டாயம் தேவை. கோழியின் தொடைக்கறியிலும் இதயத்திலும் அதிகம் உண்டு. கறிக்கடையில் இதயத்தைக் கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவு.

வெறும் கறியை மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாது. நெத்திலியை எலும்பு குழையும்வரை வேகவைத்து மசித்து வாரம் இரண்டு நாள் கொடுக்கலாம். முடிந்தவர்கள் பாதிப் பங்கு கடையில் விற்கும் பூனைத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தால் விட்டுப்போன சத்துகள் சேர்ந்துவிடும். நாய்த் தீவனம் வேண்டாம். பூனைக்குத் தேவையான அளவு டாரின் அதில் இருக்காது.

இவற்றைத் தவிருங்கள்

சின்ன வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச்சோறு: வெந்திருந்தாலும் ரத்தச் சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்கும். மீன் கொடுப்பதென்றால் குழம்பில் போடும் முன்பே இரண்டு துண்டைத் தனியாக வேகவைத்துவிடுங்கள்.
பச்சை மீன்: மத்தி போன்ற சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும்.
கருவாடு: உப்பு மிக அதிகம். சிறுநீரகம் தாங்காது.
தினமும் ஈரல்: வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்து கழுத்தெலும்பு இறுகிவிடும். வாரம் ஒரு நாள், ஒரு சிறு துண்டு போதும்.
வெந்த கோழி எலும்பு: உடைந்து ஊசி போலக் குத்தும்.
பாராசிட்டமால்: பாதி மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். மனிதர்களுக்கான எந்த வலி மாத்திரையும் பூனைக்குக் கூடாது.

தண்ணீரும் தீனிதான்

பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அதனால் தாகம் எடுத்துத் தேடிப்போய்க் குடிக்கும் பழக்கம் குறைவு. 4 கிலோ பூனைக்கு உணவில் இருப்பதையும் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிக்கு மேல் தண்ணீர் போக வேண்டும். மீசை இடிக்காத அகலமான மண்சட்டியில், தீனித் தட்டிலிருந்து தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். உப்பில்லாத கறித்தண்ணீரை இரண்டு ஸ்பூன் கலந்துவிட்டால் விரும்பிக் குடிக்கும்.

உடனே கொண்டுபோக வேண்டிய நேரம்

ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை. ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் வாந்தி. வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம். சிறுநீர் வராமல் முக்குவது. ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சை வளாகங்களில் பார்க்கலாம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. 11 வயதுப் பூனைக்குத் தயிர்சாதமும் பாலும்தான். இப்போது பகலிலேயே சுவரில் முட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, கும்பகோணம் பகுதி)

பதில்: டாரின் பற்றாக்குறையாக இருக்கலாம். இது இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975-லும், இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்பது 1987-லும் ஆய்வில் தெரியவந்தது. அதன் பிறகுதான் பூனைத் தீவனங்களில் டாரினைக் கூட்டினார்கள். தாவர உணவில் டாரின் இல்லை, பாலில் மிகச் சொற்பம். சிறு வயதில் எலி தின்று ஈடுகட்டியிருக்கும். நீங்கள் சமைக்க வேண்டியதில்லை. பாக்கெட் பூனைத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, 10 நாளில் படிப்படியாக மாற்றுங்கள். ரத்த அழுத்தம் கூடினாலும் பார்வை போகும். எனவே, மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். விழித்திரையில் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம்.

கேள்வி: கடுவன் பூனை, 9 வயது. நேற்றிலிருந்து மணலில் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலுக்கு என்ன கொடுக்கலாம்? (வாசகர், தாராபுரம் பகுதி)

பதில்: எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால் முக்குவது மலச்சிக்கல் போலவே தெரியும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அடிவயிற்றில் எலுமிச்சை அளவோ அதைவிடப் பெரிதாகவோ கெட்டியாகத் தென்பட்டால் அது நிரம்பிய சிறுநீர்ப்பையாக இருக்கலாம். அழுத்தாதீர்கள்.

கேள்வி: பூனையின் பின்புறத்திலும் படுக்கையிலும் அரிசி போல ஏதோ ஒட்டியிருக்கிறது. வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது, பயமாக உள்ளது. (வாசகி, செய்யாறு பகுதி)

பதில்: அது தட்டைப்புழுவின் துண்டுகள். தெள்ளுப்பூச்சியை விழுங்குவதாலும் எலி தின்பதாலும் வருகிறது. புழு மருந்தோடு தெள்ளுப்பூச்சியையும் ஒழித்தால்தான் தீரும். எடை போட்டு, மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். எலி தின்னும் பூனைக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை தேவை. ஆட்டு மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை வலிப்பு வந்து செத்துவிடும். பூனையின் கழிவைத் தினமும் அள்ளிப் புதைத்து, கை கழுவினால் குழந்தைக்குப் பயமில்லை. கர்ப்பிணிகள் மட்டும் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: 13 வயதுப் பூனை வீட்டுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. சாக்கில் கட்டிச் சந்தைப்பக்கம் விட்டுவிடலாம் என்கிறார் மாமனார். எனக்கு மனசு கேட்கவில்லை. (வாசகி, மணப்பாறை பகுதி)

பதில்: வேட்டையாட முடியாத பூனையை வெளியில் விட்டால் அது பட்டினியில்தான் சாகும். அப்படிக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. மாமனாரிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். முதல் வாரம் பாலை நிறுத்துங்கள், புழு மருந்து கொடுங்கள். மூட்டு வலியால் வெளியே போக முடியாமல்தான் பல பூனைகள் உள்ளேயே இருந்துவிடும். அதனால், உயரம் குறைந்த தட்டில் மணல் போட்டு, படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பிறகு, மேலே சொன்னபடி தீனியை மாற்றுங்கள். பால், புழு, மூட்டு வலி காரணமாக இருந்தால் இதிலேயே தெரிந்துவிடும். ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். குணப்படுத்த முடியாத நோய், தின்னவும் இல்லை, வலியில் கிடக்கிறது என்று மருத்துவர் சொன்னால், வலியில்லாமல் விடைகொடுக்க அவரிடமே ஊசி உண்டு. அந்த முடிவையும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுக்கலாம். சாக்கு வேண்டாம்.

வயதான பூனை, நாய் பற்றிய சந்தேகங்களை எழுதும்போது வயது, எடை, இப்போது கொடுக்கும் தீனி, எத்தனை நாளாகத் தொந்தரவு என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.